வாயிற்காப்போனுக்குப் புதிய கட்டளை

எந்த மடத்திற்கும் ஒரு வாயில் உண்டு. அந்த வாயிலுக்கு ஒரு காவலரும் உண்டு. வருகிறவர் யார், யாரைப் பார்க்க வருகிறார், கையில் என்ன கொண்டு வருகிறார் என்று கேட்டறிந்த பின்னரே அவர் கதவைத் திறப்பார். விடுதி மாணவியைப் பார்க்க வந்தவர் பெற்ற தாயே ஆனாலும், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஒரு முறை பார்க்காமல் விடமாட்டார். நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் இன்று கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வாயிலும் இருக்கிறது. அது இணையத்தின் வாயில். அங்கும் ஒரு காவலர் இரவு பகலாக நிற்கிறார். அவர் ஒரு சிறு பெட்டி. ஃபயர்வால் என்று அவருக்குப் பெயர்.

ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குத் தாவாதபடி கட்டடங்களில் எழுப்பும் கனத்த சுவருக்கே முதலில் இப்பெயர் வழங்கிற்று. பெட்டிக்கும் பொருந்தாமல் இல்லை. ஆனால் சுவர் எவரையுமே விடாது; இந்தப் பெட்டியோ விட வேண்டியவரை விட்டு, தடுக்க வேண்டியவரைத் தடுக்கிறது. ஆகவே வாயிற்காப்போன் என்பதே இதற்குச் சரியான பெயர் என்பது எங்கள் எண்ணம்.

இக்காப்போனுக்கு இருவகை அறிவு வேண்டும். இன்னாரை விடு, இன்னாரை விடாதே என்று நாம் எழுதிக் கொடுக்கும் பட்டியல் ஒன்று. அந்தப் பட்டியலைப் படிக்கவும், வருகிறவரின் முகத்தை அடையாளம் காணவும், கதவைத் திறந்து மூடவும் தெரிந்திருக்கும் அடிப்படை அறிவு மற்றொன்று. இந்த இரண்டாவது அறிவுக்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர். தொட்டுப் பார்க்கத்தக்க கருவி ஹார்டுவேர். எளிதில் மாற்றத்தக்க கட்டளைத் தொகுதி சாஃப்ட்வேர். இரண்டுக்கும் நடுவே, கருவிக்குள் உறைந்து கிடக்கும் கட்டளைத் தொகுதி ஃபர்ம்வேர். 1967-ஆம் ஆண்டில் ஆஷர் ஓப்ளர் என்பவர் ஒரு கட்டுரையில் இச்சொல்லை வழங்கினார். உறைந்தது என்றால் கல்லாகிவிட்டது என்று பொருளல்ல. மின்சாரம் நின்றாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. வேண்டும்போது அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம்.

ஏன் புதிதாக எழுத வேண்டும்? நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் பெட்டியைத் தொடுவானேன் என்று கேட்கத் தோன்றும். பெட்டியை உருவாக்கியவர்களும் மனிதரே. பல இலட்சம் வரிகளில் கட்டளை எழுதும்போது எங்கோ ஓர் ஓட்டை விழுந்துவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் அதைக் கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்தவர் நல்லவரானால் நிறுவனத்துக்குத் தெரிவிக்கிறார். நிறுவனம் ஓட்டையை அடைத்துப் புதிய ஃபர்ம்வேரை வெளியிடுகிறது. அந்த நாளிலிருந்து ஓட்டை இருப்பது நல்லவர், கெட்டவர் அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. அதன் பின் நடப்பது ஓட்டப் பந்தயம்தான்.

அந்தப் பந்தயத்தில் என்ன பணயம் வைக்கப்படுகிறது என்பதற்கு ஜெர்மனி நாட்டின் டுசல்டார்ஃப் நகரில் நடந்ததைச் சொன்னால் போதும். சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் நுழைவாயில் சாதனம் ஒன்றில் பெரிய ஓட்டை இருப்பது 2019 டிசம்பரில் வெளியாயிற்று. அதற்கான திருத்தம் 2020 ஜனவரியில்தான் வந்தது. அந்நகரின் பல்கலைக்கழக மருத்துவமனை திருத்தத்தை உடனே ஏற்றிவிட்டதாகத் தெரிவித்தது. ஆயினும் திருத்தம் வருவதற்கு முன்பிருந்த அந்தச் சில நாட்களுக்குள் எவரோ நுழைந்து பதுங்கிவிட்டனர் என்றே கருதப்படுகிறது. மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, 2020 செப்டம்பரில் அம்மருத்துவமனையின் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டனர். அவர்கள் குறிவைத்தது பல்கலைக்கழகத்தை, முடங்கியது மருத்துவமனை. காவல்துறை இதைத் தெரிவித்ததும் பூட்டுக்கான சாவியைக் கொடுத்துவிட்டு மறைந்தார்கள். அதற்குள் அவசர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளை ஏற்க இயலாத நிலை. ஆம்புலன்ஸில் வந்த 78 வயதுப் பெண்மணி ஒருவரைச் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வுப்பர்டால் நகருக்குத் திருப்பி அனுப்பினார்கள். சிகிச்சை ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாமதமாயிற்று. அவர் இறந்துபோனார். தாமதத்தினால்தான் இறந்தார் என்று மெய்ப்பிக்க இயலவில்லை என்று அரசு வழக்கறிஞர்கள் பின்னர் விசாரணையை முடித்தார்கள். அவர் நோய் அவ்வளவு முற்றியிருந்ததாம். ஆனாலும் மூடிய கதவைத் தாண்டிப் போன அந்த ஆம்புலன்ஸை எங்களால் மறக்க முடியவில்லை.

இனி, காப்போனின் மூளையை மாற்றுவது எப்படி என்று பார்ப்போம். எடுத்துக்காட்டாகச் சிஸ்கோ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஏ. 5505 என்னும் பெட்டியைக் கொள்வோம். தடித்த புத்தகம் ஒன்றின் அளவுதான் இருக்கும். பின்புறம் எட்டுக் கம்பித் துளைகள். சிறிய அலுவலகங்களில் ஆயிரக்கணக்கில் வேலை செய்தது. 2017-இல் விற்பனை நின்றது. 2022-இல் நிறுவனத்தின் ஆதரவும் முடிந்துவிட்டது. ஆகையால் இதை இன்று வாயிலில் நிறுத்தக் கூடாது. ஆனால் கல்லூரி ஆய்வகங்களில் கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல பெட்டி கிடைப்பது அரிது.

புதிய ஃபர்ம்வேர் ஒரே ஒரு கோப்பாக வரும். அதை ஒரு மடிக்கணினியில் வைத்துக்கொண்டு, கம்பி வழியாகப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். இரு இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட பேச்சு முறை வேண்டுமல்லவா? அதுவே நெறிமுறை எனப்படுவது. கோப்பு அனுப்பப் பல நெறிமுறைகள் உண்டு. அவற்றுள் மிக எளியது டி.எஃப்.டி.பி. என்பது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பிறந்தது. 1981-இல் அதன் விதிகளை முறைப்படி எழுதி வெளியிட்டவர் கேரன் சாலின்ஸ் என்னும் பெண்மணி.

அது எப்படி வேலை செய்கிறது என்று அறிய, சொல்வதெழுதுதல் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியை ஒரு வரி வாசிக்கிறார். மாணவி எழுதி முடித்து, “முதல் வரி ஆயிற்று, டீச்சர்” என்கிறாள். அதன் பின்பே இரண்டாம் வரி. மாணவியிடமிருந்து சத்தமே வரவில்லையென்றால் ஆசிரியை அதே வரியை மறுபடி வாசிப்பார். டி.எஃப்.டி.பி. செய்வது இவ்வளவுதான். ஒரு வரி என்பது 512 பைட்டு. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண். கோப்பு முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? 512-க்குக் குறைவான வரி ஒன்று வந்தால் அதுவே கடைசி வரி. கோப்பின் அளவு 512-ஆல் மீதியின்றி வகுபட்டால்? கடைசியில் ஒன்றுமே இல்லாத வெறும் வரி ஒன்றை அனுப்பிவிடுவார்கள். இந்தச் சிறு தந்திரத்தைப் படித்தபோது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாயிற்று.

இந்த எளிமையிலும் ஒரு வேடிக்கையான பிழை இருந்தது. மாணவி “பன்னிரண்டாம் வரி ஆயிற்று” என்கிறாள். அவள் குரல் ஆசிரியைக்குச் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேருகிறது. அதற்குள் ஆசிரியை பன்னிரண்டாம் வரியை மறுபடி வாசித்துவிடுகிறார். மாணவியும் மறுபடி “ஆயிற்று” என்கிறாள். இப்போது ஆசிரியையின் காதில் இரண்டு “ஆயிற்று” விழுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறையாகப் பதின்மூன்றாம் வரி இரண்டு தடவை வாசிக்கப்படுகிறது. அதற்கும் இரண்டு “ஆயிற்று”. கடைசி வரி வரைக்கும் எல்லாமே இரட்டைதான்! துடைப்பத்துக்கு உயிர்கொடுத்துத் தண்ணீர் இறைக்கச் சொன்ன சீடன், அதை நிறுத்தத் தெரியாமல் வெட்ட, அது இரண்டாகி இருமடங்கு தண்ணீர் கொண்டுவந்த ஐரோப்பியக் கதையை வைத்து இதற்கு ‘மந்திரவாதியின் சீடன் பிழை’ என்று பெயரிட்டார்கள். ஒரே வரிக்கு இரண்டாம் முறை வரும் “ஆயிற்று” என்பதைக் காதில் வாங்கிக்கொள்ளாதே என்று விதியைத் திருத்திப் பிழையைப் போக்கினார்கள். திருத்திய விதிகள் 1992-இல் வெளிவந்தன. அவற்றை எழுதியவரும் கேரன் சாலின்ஸே.

இந்த முறைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கணக்குப் போட்டுப் பார்த்தோம். 25 மெகாபைட்டு அளவுள்ள கோப்பில் 51,200 வரிகள் இருக்கும். மடிக்கணினி பெட்டியின் பக்கத்திலேயே இருந்து, ஒரு வரி போய் விடை வர ஒரு மில்லி விநாடி ஆகுமானால், ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். அதே கோப்பைக் கடல்கடந்த ஊரிலிருந்து அனுப்பினால், ஒவ்வொரு வரிக்கும் 200 மில்லி விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், 10,240 விநாடிகள். அதாவது 2 மணி 50 நிமிடங்களுக்கு மேல். கம்பி எவ்வளவு அகலமானதாக இருந்தும் பயனில்லை. ஒவ்வொரு “ஆயிற்று”க்கும் காத்திருந்தே தீர வேண்டும். ஆகவே டி.எஃப்.டி.பி. என்பது அண்டை வீட்டாரிடம் பேசும் முறை.

வரி எண்ணுக்கு ஒதுக்கிய இடமும் சிறியது. 65,535 வரை மட்டுமே எண்ண முடியும். 512-ஆல் பெருக்கினால் 32 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. கோப்பு அதைவிடப் பெரிதானால் சில மென்பொருள்கள் சுழியிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். சில அங்கேயே நின்றுவிடும். பாதி தூரம் வந்து நின்றுபோன கோப்புகளில் பலவற்றுக்கு இதுவே காரணம். வரியின் நீளத்தைப் பெரிதாக்கிக்கொள்ள 1995-இல் வழி செய்தார்கள். இரு பக்கமும் அதற்கு உடன்பட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இந்த நெறிமுறை பெயரும் கேட்பதில்லை, கடவுச்சொல்லும் கேட்பதில்லை. வந்தவர் கேட்டதைக் கொடுத்துவிடும். காவலருக்கு மூளை கொண்டுபோகும் வண்டிக்கே காவல் இல்லை!

அடுத்தது எஃப்.டி.பி. இது முந்தியதைவிட வயதில் மூத்தது. 1971 ஏப்ரலில் இதன் முதல் வடிவத்தை எழுதியவர் அபய் பூஷண் என்னும் இந்தியர். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் பயின்று, எம்.ஐ.டி.க்குச் சென்றவர். நெடுங்காலம் வழக்கிலிருந்த 1985-ஆம் ஆண்டு வடிவத்தை எழுதிய இருவருள் ஒருவர் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்னும் பெண்மணி. இது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். பேசுவதற்கு ஓர் இணைப்பு, சரக்குக்கு ஓர் இணைப்பு என்று இரண்டு வைத்துக்கொள்ளும்.

எஃப்.டி.பி.யில் ஒரு கண்ணி உண்டு. கடிதம் போன்ற எழுத்துக் கோப்புகளை அனுப்ப ஒரு முறை, மற்றக் கோப்புகளை அனுப்ப வேறொரு முறை. எழுத்துக் கோப்பில் ஒரு வரி முடிந்தது என்பதைச் சில கணினிகள் ஒரு குறியாலும் சில கணினிகள் இரண்டு குறியாலும் காட்டும். ஆகையால் எழுத்து முறையில் அனுப்பும்போது, பெறுகிற கணினிக்கு ஏற்றபடி ஒன்றை இரண்டாகவும் இரண்டை ஒன்றாகவும் மாற்றிக் கொடுக்கும். கடிதத்துக்கு அது உதவி. ஃபர்ம்வேருக்கோ நஞ்சு. அங்கே 10 என்ற எண் வரியின் முடிவைக் குறிப்பதில்லை. அது ஒரு கட்டளையின் துண்டு. அது 13, 10 என்று இரண்டாகிவிட்டால் பின்னே வரும் யாவும் இடம் பெயர்ந்துவிடும். எனவே ‘பைனரி’ என்று முதலில் சொல்லிவிட்டே கோப்பை அனுப்ப வேண்டும். கோப்பின் அளவு அங்கும் இங்கும் சில பைட்டுகள் வேறுபட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எஃப்.டி.பி. கடவுச்சொல்லைக் கேட்கிறதே தவிர, அதைத் திறந்த அஞ்சலட்டைபோல் அப்படியே கம்பியில் அனுப்புகிறது. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எவரோ இவ்வாறு போகும் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியதால், அங்கிருந்த தாத்து யூலோனென் 1995-இல் எஸ்.எஸ்.எச். என்னும் மறைமொழி முறையை உருவாக்கினார். அதன் வழியாகக் கோப்பை அனுப்புவது எஸ்.சி.பி., எஸ்.எஃப்.டி.பி. என்னும் முறைகள். உறையிட்டு அரக்கு முத்திரை வைத்த கடிதம் என்று கொள்ளலாம். வாய்ப்பிருக்கும் இடத்திலெல்லாம் இதையே பயன்படுத்த வேண்டும்.

கணினித் துறையில் பெண்களின் பெயரைச் சொல்லும்போது நம் அருட்சகோதரியருக்காக ஒரு செய்தி. அமெரிக்காவில் கணினியியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஒரு கன்னியர். அன்னை மரியின் அன்புச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர், 1965-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்றார். பின்பு அயோவா மாநிலத்தின் கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி நெடுங்காலம் நடத்தி, 1985-இல் இறைவனடி சேர்ந்தார். அச்சகோதரிக்கும் ஃபயர்வாலுக்கும் தொடர்பு இல்லை. சொல்லாமல் விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்பொழுது வேலைக்கு வருவோம். முதலில் செய்ய வேண்டியது, காப்போனிடம் இருக்கும் பழைய பட்டியலின் நகல் ஒன்றை எடுத்துப் பத்திரப்படுத்துவது. அடுத்து, புதிய கோப்புக்கு நினைவகத்தில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது. மின்சாரம் நின்றாலும் தாங்கும்படி யு.பி.எஸ். இணைத்திருக்க வேண்டும், நம் ஊர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேலையை இரவிலோ விடுமுறை நாளிலோ வைத்துக்கொள்வது நலம். ஏனெனில் பெட்டி மறுபடி எழும் சில நிமிடங்களுக்கு வாயில் மூடியே கிடக்கும்.

மடிக்கணினியில் டி.எஃப்.டி.பி. சேவையை ஓடவிட்டு, பெட்டியிடம் ‘காப்பி’ கட்டளை கொடுத்தால், திரையில் ஆச்சரியக்குறிகள் வரிசை வரிசையாக ஓடத் தொடங்கும். ஒவ்வொரு குறியும் கோப்பின் சில துண்டுகள் நலமாக வந்து சேர்ந்தன என்பதற்கு அடையாளம். அவை ஓடாமல் நின்றுவிட்டால், மடிக்கணினியிலேயே உள்ள ஃபயர்வால் தடுக்கிறதா என்று பாருங்கள். ஒரு காவலர் இன்னொரு காவலரைத் தடுப்பது அடிக்கடி நடப்பதுதான்.

கோப்பு வந்துவிட்டது. அது வந்தபடியே இருக்கிறதா? இதற்குக் கணிதம் துணை வருகிறது. கோப்பு முழுவதையும் ஒரு கணக்குக்கு உட்படுத்தி ஒரு சிறு எண்ணாகச் சுருக்குவார்கள். கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். நிறுவனம் வெளியிட்ட எண்ணும் பெட்டி கணக்கிட்டுச் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 1991-இல் ரொனால்ட் ரிவெஸ்ட் உருவாக்கிய எம்.டி.5 என்னும் கணக்கு இதற்கு நெடுநாள் பயன்பட்டது. 2004-இல் சீன நாட்டுக் கணித அறிஞர் வாங் சியாவ்யுன் அம்மையாரும் அவர் குழுவினரும், ஒரே எண்ணைத் தரும் இரு வேறு கோப்புகளை ஆக்கிக் காட்டினார்கள். வழியில் தற்செயலாகக் கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்க எம்.டி.5 இன்னும் உதவும். வேண்டுமென்றே செய்த வஞ்சகத்தைக் கண்டுபிடிக்க எஸ்.எச்.ஏ. 256, எஸ்.எச்.ஏ. 512 போன்றவையும் நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பமும் வேண்டும்.

கையொப்பம் சரியாக இருந்தால் கவலையே இல்லையா? ஜூனிப்பர் நிறுவனம் 2015 டிசம்பர் 17 அன்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன் நெட்ஸ்கிரீன் ஃபயர்வால்களுக்கான ஸ்கிரீன்ஓஎஸ் என்னும் ஃபர்ம்வேரில், தங்கள் அனுமதியின்றி எவரோ எழுதிச் சேர்த்த வரிகள் இருப்பதைக் கண்டுபிடித்ததாக அதில் கூறியது. அவ்வரிகளில் ஒன்று, இரகசியக் கடவுச்சொல் தெரிந்தவரைத் தலைமை அலுவலராகவே உள்ளே விட்டது. நிறுவனத்தின் சொந்த இடத்திலிருந்து முறைப்படி வாங்கி, எண்ணைச் சரிபார்த்து ஏற்றியவர்களின் பெட்டியிலும் அது இருந்தது. எண் சரிபார்ப்பது, அனுப்பியது வந்து சேர்ந்ததா என்பதை மட்டுமே சொல்லும். அனுப்பியவர் நிலை என்ன என்பதைச் சொல்லாது. அந்த நிறுவனம் தானே முன்வந்து அறிவித்ததைப் பாராட்டத்தான் வேண்டும்.

எண் ஒத்திருந்தால், இனிமேல் எழும்போது இந்தப் புதிய கோப்பிலிருந்து எழு என்று பெட்டிக்குச் சொல்லி, சொன்னதைச் சேமித்து, ‘ரீலோட்’ கொடுக்க வேண்டும். சேமிக்க மறந்தால் பெட்டி பழைய கோப்பிலிருந்தே எழுந்து நிற்கும்.

பெட்டி எழவே இல்லையென்றால்? ஏ.எஸ்.ஏ.யில் பழைய கோப்பு பக்கத்திலேயே இருப்பதால் அச்சம் குறைவு. சில சிறிய கருவிகள் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதும். நடுவில் மின்சாரம் போனால் இரண்டும் இல்லை. கருவி செங்கல்லாயிற்று என்பார்கள். ஏ.எஸ்.ஏ.யில் நினைவகமே காலியாகிவிட்டாலும் ஒரு வழி உண்டு. ராம்மான் என்னும் மிகச் சிறிய கட்டளைத் தொகுதி வேறோர் இடத்தில் தனியாகத் தங்கியிருக்கிறது. வெளிர்நீலக் கன்சோல் கம்பியை இணைத்து, பெட்டி எழும்போது எஸ்கேப் விசையை அழுத்தினால் ராம்மான் பேசும். அதற்குத் தெரிந்தது மிகக் குறைவு. ஆனால் டி.எஃப்.டி.பி. தெரியும்! பெட்டியின் முகவரி, மடிக்கணினியின் முகவரி, கோப்பின் பெயர் ஆகியவற்றைக் கொடுத்தால் கோப்பை வரவழைத்துக்கொண்டு உயிர்த்தெழும். காவலில்லாத, கடவுச்சொல் கேட்காத அந்த எளிய நெறிமுறை இன்றளவும் நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுவே. ஏறத்தாழ எல்லாம் அழிந்துபோன ஒரு பெட்டியின் மூலையில் அடங்கும் அளவுக்கு அது சிறியது. இவ்வாறு வந்த கோப்பு தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். பெட்டி எழுந்ததும் மறவாமல் ஃபிளாஷில் நகலெடுக்க வேண்டும். இந்த ராம்மானையே மாற்றிவைத்து, ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பின்னும் உள்ளே தங்கிவிடும் கயவர்கள் இருப்பது 2025 செப்டம்பரில் வெளிப்பட்டது. ஏ.எஸ்.ஏ.யின் பழைய மாதிரிகள் சிலவே அதில் சிக்கின. அமெரிக்க அரசு தன் துறைகளுக்கு அவசர ஆணையே பிறப்பிக்க நேர்ந்தது.

பெட்டி எழுந்ததும் ‘ஷோ வெர்ஷன்’ என்று கேட்டால் தன் புதிய பதிப்பு எண்ணைச் சொல்லும். அதோடு திருப்தி அடையாமல், விட வேண்டியவரை விடுகிறதா, தடுக்க வேண்டியவரைத் தடுக்கிறதா என்று இரண்டையும் வெளியிலிருந்து சோதிக்க வேண்டும். பழைய கோப்பைச் சில நாட்கள் அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. புறப்படுமுன், மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் டி.எஃப்.டி.பி. சேவையை நிறுத்திவிட வேண்டும். அது இன்னமும், யார் கேட்டாலும் கொடுப்பதற்குக் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.